பொதுச்சூளையின் நெருப்பு

கியோத்தோ நகரின் கிழக்கு மலைச்சரிவை ஒட்டி கோஜோசாகா என்றொரு குயவர் தெரு. 1970களின் தொடக்கம் வரை அங்கே வீடுகளுக்கு நடுவிலேயே சூளைகள் புகைந்தன. ஜப்பானியர் நொபோரிகாமா என்று சொல்லும் ஏறுசூளைகள் அவை. சரிவில் அறை அறையாகக் கட்டி, அடியில் மூட்டிய நெருப்பு ஒவ்வோர் அறையையும் சுட்டபடி மேலேறும்படி அமைத்தவை. புகழ்பெற்ற குயவர் கவாய் கான்ஜிரோ வாழ்ந்த வீட்டின் பின்கட்டில் எட்டு அறைகள் கொண்ட அத்தகைய சூளை ஒன்று இன்றும் நிற்கிறது. கவாய் 1966இல் காலமானார். சூளை 1971 வரை எரிந்தது. 1973இல் வீடும் சூளையும் சேர்ந்து அருங்காட்சியகமாயின.

அந்தச் சூளை கவாய் ஒருவருக்காக எரிந்ததில்லை. அக்கம்பக்கத்துக் குயவர்கள் பலர் ஆளுக்கு இவ்வளவு இடம் என்று பங்கிட்டுக்கொண்டு ஒரே நெருப்பில் சுட்டார்கள். அறைக்கு அறை சூடு வேறு, காற்றோட்டம் வேறு, பறந்து விழும் சாம்பல் வேறு. எந்தக் கலத்துக்கு எந்த அறை பொருந்தும் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு இருந்தது. நாள் குறித்து, விறகு சேர்த்து, அடுக்கி, முறை வைத்துக் கண்விழித்து எரித்தார்கள். இன்று கியோத்தோக் குயவர் மின்சூளையிலோ எரிவாயுச் சூளையிலோ சுடுகிறார். மாலையில் அடுக்கிவிட்டு, சூடு ஏற வேண்டிய வேகத்தைக் கருவியில் பதித்துவிட்டு, உறங்கப் போகலாம். பக்கத்துப் பட்டறைக்காரர் அன்று சுடுகிறாரா என்று கேட்டுக்கொள்ளும் தேவை அவருக்கு இல்லை.

விறகு போய் மின்சாரம் வந்ததில் கலத்தின் நிறமும் மேனியும் எப்படி மாறின என்று பேசுவோர் பலர். அது உண்மையான மாற்றம்தான். ஆனால், யார் யாரோடு சேர்ந்து சுட்டார்கள் என்பதில் வந்த மாற்றம் அதைவிடப் பெரியது என்பது என் எண்ணம்.

நகரத்துச் சூளைகள் அணைந்ததற்குக் காரணம் எளிது. 1968இல் ஜப்பான் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. யொக்காய்ச்சி நகரின் எண்ணெய் ஆலைப் புகையில் மூச்சு முட்டியவர்களின் துயரம் நாட்டையே உலுக்கிய காலம் அது. நகரின் நடுவே பைன் விறகின் கரும்புகை இனி செல்லாது என்றானது. கியோத்தோக் குயவர்களில் சிலர் மலைக்கு அப்பால் யமாஷினாவில் அமைந்த குயவர் குடியிருப்புக்குப் போனார்கள். சிலர் நகரிலேயே இருந்து எரிபொருளை மாற்றிக்கொண்டார்கள். நகோயாவுக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் தொகோனாமேயிலும் இதே காலத்தில் இதே கதை. அங்கே 1887 வாக்கில் கட்டிய ஏறுசூளை, எட்டு அறைகளும் பத்துப் புகைபோக்கிகளும் கொண்டது, 1974இல் கடைசியாக எரிந்தது. 1982இல் அது தேசியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. அந்தச் சட்டத்தைக் குறைசொல்ல என்னால் முடியாது. புகையை மூச்சில் வாங்கியவர்களில் முதல்வர் குயவரும் அவர் பிள்ளைகளும்தான்.

பழைய சுடுமுறையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏறுசூளையின் அடியிலிருக்கும் பெரிய அடுப்பில் முதலில் மெதுவாகத் தீ மூட்டுவார்கள். சுவரிலும் கலத்திலும் தங்கிய ஈரம் போகும்வரை அவசரப்படக் கூடாது. பிறகு முதல் அறையின் பக்கவாட்டுத் துளை வழியாக மெல்லியதாகப் பிளந்த பைன் சிராய்களை வீசுவார்கள். பைனில் பிசின் அதிகம், சுடர் நீளமானது, அறையின் மூலைவரை பாயும். அந்த அறை வெந்ததும் துளையை அடைத்துவிட்டு அடுத்த அறைக்கு ஏறுவார்கள். கீழறையில் மிஞ்சிய சூடு மேலறையை முன்னதாகவே காய்ச்சி வைத்திருக்கும். ஒருமுறை மூட்டிய நெருப்பை ஓர் இம்மியும் வீணாக்காத ஏற்பாடு இது. கொரியாவிலிருந்து 1600ஐ ஒட்டி கியூஷு தீவுக்கு வந்த இந்த அமைப்பு, அதுவரை இருந்த ஒற்றைக் குகைச்சூளைகளைப் பெரும்பாலும் ஓரங்கட்டியதற்குக் காரணமும் இந்தச் சிக்கனமே.

சூடு 1,250 டிகிரியைத் தாண்டியதா என்பதை அன்று எப்படி அறிந்தார்கள்? நெருப்பின் நிறத்தைப் பார்த்து. இருண்ட சிவப்பு ஆரஞ்சாகி, ஆரஞ்சு மஞ்சளாகி, மஞ்சள் வெளுக்கும்வரை பார்த்து. கலத்தின் மேல் கண்ணாடியாக உருகிப் படியும் பூச்சான மெருகைத் தடவிய சிறு மண்துண்டுகளைத் துளைக்கருகே வைத்திருப்பார்கள். இரும்புக் கம்பியால் ஒன்றை வெளியே இழுத்து, ஆறவைத்து, மெருகு உருகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் சேகர் 1886இல் குறிப்பிட்ட சூட்டில் வளையும் மண் கூம்புகளை உருவாக்கினார். பிறகு மின்வெப்பமானி வந்தது. இன்று சூளையின் முகப்பில் எண்ணாகவே சூடு தெரிகிறது. முன்பு கிழவர் ஒருவரின் கண்ணில் இருந்த அறிவு இப்போது எல்லார் கைக்கும் எட்டுகிறது. இது பெரிய லாபம். ஒரு சூளை தவறினால் பல மாத உழைப்பும் பல வீட்டு உணவும் போன காலத்தை நினைத்தால், அந்த எண்ணைப் பழிக்கத் தோன்றாது.

நெருப்பு சூட்டை மட்டும் தந்ததில்லை. முன்பு போட்ட விறகு எரிந்து தீருமுன் அடுத்த கட்டைத் திணித்தால் அறைக்குள் காற்றுக்குத் தட்டுப்பாடு வரும். மூச்சுக்குத் தவிக்கும் நெருப்பு மெருகிலிருந்தே ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ளும். காற்று தாராளமாக இருந்தால் பச்சையாகும் செம்பு, இந்தத் தவிப்பில் சிவக்கும். தேன் நிறமாகும் இரும்பு, வெளிறிய நீலப்பச்சையாகும். இந்த இரண்டு நிலைகளுக்கு இடையில் எங்கெங்கோ நின்று பிறந்த நிறங்கள்தாம் பழைய கலங்களில் நாம் காண்பவை. எரிவாயுச் சூளையில் திருகு ஒன்றைத் திருப்பி இதே தவிப்பை அளந்து உண்டாக்கலாம். மின்சூளையில் சுடரே இல்லை. வெளியிலிருந்து வாயுவைச் செலுத்தினால் ஒழிய அது எப்போதும் தாராளக் காற்றுச் சூளைதான். கேட்ட நிறத்தை அது தரும், கேட்காததைத் தராது.

மெருகின் கதைக்கு வருவோம். அடிப்படைச் சரக்கு அன்று சாம்பல். மரச்சாம்பல், வைக்கோல் சாம்பல், உமிச் சாம்பல். வீட்டு அடுப்பிலிருந்தும் வயலிலிருந்தும் வந்த அதை நீரில் கரைத்து, மிதப்பதை வடித்து, தெளிந்த காரநீரை இறுத்து, மறுபடி நீர் ஊற்றி, நாள்கணக்கில் கழுவுவார்கள். பிறகு உள்ளூர்க் கல்லின் பொடியோ மண்ணோ சேர்ப்பார்கள். பீங்கானுக்குப் பெயர்போன அரிதாவில் இசு என்ற மரத்தின் சாம்பலே உயர்ந்தது. தோக்கியோவுக்கு வடக்கே உள்ள மஷிகோவில் ஆஷினுமா என்ற இடத்துக் கல்லைப் பொடித்து அப்படியே பூசினால் பழுத்த சீமைப் பனிச்சையின் செம்பழுப்பு கிடைத்தது. ஒவ்வோர் ஊரின் நிறமும் அந்த ஊரின் மலையிலும் வயலிலும் இருந்தது.

இன்று சாம்பலுக்கு ஈடான செயற்கைக் கலவை மூட்டையில் வருகிறது. கழுவ வேண்டாம், ஆண்டுக்கு ஆண்டு மாறாது. அது வந்ததற்குக் குயவரின் சோம்பல் காரணமில்லை. போருக்குப் பின் கிராமத்துச் சமையலறைக்கு எரிவாயு உருளை வந்தது, விறகடுப்பு போனது, சாம்பல் போனது. அறுவடை இயந்திரம் வந்தது, அது வைக்கோலை வயலிலேயே நறுக்கித் தூவியது, நீள வைக்கோல் அரிதானது. குயவரின் கலயத்தில் இருந்தது ஊராரின் மிச்சம். ஊரார் வாழ்க்கை மாறியதும் அந்த மிச்சம் நின்றது.

வேதியியல் ஜப்பானியக் குயவருக்கு வந்ததும் நேற்று இன்றல்ல. 1870இல் கோத்ஃப்ரீத் வாக்னர் என்ற ஜெர்மானியர் அரிதாவுக்கு வந்து, மேற்கிலிருந்து வரும் கோபால்ட் ஆக்சைடால் நீலம் தீட்டவும் நிலக்கரியில் சுடவும் கற்றுத்தந்தார். பின்னாளில் தோக்கியோவில் தொழில்நுட்பக் கல்விக்கும் அவர் வித்திட்டார். அவர் மட்பாண்டத் தொழில்நுட்பம் கற்பித்த அந்தப் பள்ளியில் பிற்காலத்தில் படித்து வெளிவந்தவர்கள்தாம் கவாய் கான்ஜிரோவும் ஹமாதா ஷோஜியும். இருவரும் கியோத்தோவின் ஆய்வு நிலையத்தில் சேர்ந்து பத்தாயிரம் மெருகுச் சோதனைகள் செய்ததாகச் சொல்வார்கள். இவ்வளவு தெரிந்த ஹமாதா 1924இல் இங்கிலாந்திலிருந்து திரும்பியதும் மஷிகோவுக்குப் போனார். அந்த ஊர்க் கல்லையும் உமிச் சாம்பலையும் வைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணத்தக்க சில மெருகுகளோடு வாழ்நாளைக் கழித்தார். பழமையைத் தேடிப் போனவர்கள் புதுமை அறியாதவர்கள் என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. இந்த இருவரும் அதற்கு மறுப்பு.

மெருகே பூசாத பிசென் கலங்களுக்கு வருகிறேன். அவை பிறப்பது ஒக்காயாமா மாவட்டத்தில் இம்பே என்ற சிற்றூரில். நெல்வயலுக்கு அடியிலிருந்து எடுக்கும் இரும்புச் சத்துள்ள பிசுபிசுப்பான மண். திடீர்ச் சூட்டைத் தாங்காத இந்த மண்ணை மெதுவாகத்தான் சூடேற்ற முடியும். அதனாலேயே சுடுவதற்கு நாள் பிடிக்கிறது. ஒரு காலத்தில் ஊரின் தெற்கு, வடக்கு, மேற்குத் திசைகளில் மூன்று பெருஞ்சூளைகள் இருந்தன. தெற்குச் சூளையின் நீளம் 50 மீட்டருக்கும் அதிகம். அதன் சிதைவு இன்றும் குன்றின்மேல் கிடக்கிறது. ஊர்க் குயவர் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து அதை நிரப்பி, ஒரு மாதத்துக்கு மேல் எரித்தார்கள். ஒரு வீட்டால் நிரப்பவும் முடியாது, எரிக்கவும் முடியாது. 1832 வாக்கில், செலவு தாங்காமல், சிறிய சூளைக்கு மாறினார்கள். இன்று பிசென் குயவர் ஒவ்வொருவரும் தம் வீட்டருகே தமக்கென ஒரு சூளை வைத்து, ஆண்டுக்கு ஓரிரு முறை, பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் வரை பைன் விறகில் எரிக்கிறார்கள்.

அங்கே இன்னொரு மாற்றம் நடந்திருக்கிறது. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் கலங்கள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அன்று இடையில் வைக்கோலை வைத்தார்கள். வைக்கோல் எரிந்த இடத்தில் மண்ணோடு வினைபுரிந்து செந்நிறக் கோடுகள் விழுந்தன. தேநீர்ச் சடங்கின் ஆசான்கள் அந்தக் கோட்டில் அழகைக் கண்டார்கள். இன்று அந்தக் கோட்டுக்காகவே வைக்கோல் சுற்றப்படுகிறது. சாம்பல் விழாமல் கோடு துலக்கமாக வர வேண்டும் என்று இந்த வகையை மின்சூளையில் சுடுவோரும் உண்டு. தானியச் சாடியும் அரைகலமும் சுட்ட ஊர், நவீன காலம் வந்தபோது கழிவுநீர்க் குழாயும் செங்கல்லும் சுட்டுப் பிழைத்த ஊர், இன்று கலைப்பொருள் சுடுகிறது. இந்தத் திருப்பத்துக்குக் காரணமாகச் சொல்லப்படுபவர் கானேஷிகே தோயோ. 1956இல் அரசு அவரை வாழும் தேசியச் செல்வங்களில் ஒருவராக அறிவித்தது. விறகுச் சூளை பிசெனில் பிழைத்திருப்பது அந்தக் கலங்களுக்கு நல்ல விலை கிடைப்பதால்தான். இதை ஒளிக்க வேண்டியதில்லை.

விறகும் முன்போல் இல்லை. ஊரார் சருகு அரித்து, கிளை வெட்டி, வெளிச்சம் விழும்படி வைத்திருந்த மலைகளில்தான் செம்பைன் செழிக்கும். எரிவாயு வந்தபின் மலைக்கு ஏறுவார் இல்லை. வட அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த ஒரு நுண்புழு 20ஆம் நூற்றாண்டு முழுவதும் பைன்களை வாட்டியது. சேதம் 1979இல் உச்சத்தைத் தொட்டது. முன்பு ஊர் மலையில் கிடைத்ததை இன்று தேடிப்பிடித்து வாங்க வேண்டியிருக்கிறது.

லாபக் கணக்கில் ஒன்றை மறக்கக் கூடாது. பொதுச்சூளையின் அருகே பல ஊர்களில் பெண்களை விட்டதில்லை. தீட்டு என்றார்கள். மண் மிதிக்கவும், சித்திரம் தீட்டவும், சுமக்கவும் பெண்கள் வேண்டும், தீயின் முன் வேண்டாம். நான் இழப்பாக எண்ணும் அந்தக் கூட்டுறவுக்கு இப்படியொரு மதிலும் இருந்தது. தனிச்சூளை அந்த மதிலைத் தாண்ட வழி செய்தது. 1936இல் பிறந்து ஷிகராகி ஊரில் வாழ்ந்த கோயாமா கியோகோ 1970இல் தமக்கென ஒரு குகைச்சூளை கட்டினார். மெருகு பூசாமல், பறக்கும் சாம்பலே உருகி மெருகாகும் பழைய ஷிகராகிக் கலங்களை மீட்கப் பல ஆண்டுகள் போராடினார். அவர் வாழ்க்கை 2005இல் ‘ஹிபி’ என்ற படமாக வந்தது. பழைய தீயை மீட்டவர்களில் ஒருவர், பழைய காலத்தில் அந்தத் தீயின் அருகே நிற்க முடியாத ஒரு பெண்.

மஷிகோவில் வேறு விதமாக நடந்தது. ஹமாதாவின் பெரிய ஏறுசூளை அவர் காலத்தில் அவருடையது. 1978இல் அவர் மறைந்தபின் அது அருங்காட்சியக வளாகத்தில் பார்வைக்கு நின்றது. 2011 மார்ச் நிலநடுக்கத்தில் மஷிகோவின் சூளைகள் பல இடிந்தன, அதுவும் சேதமுற்றது. செப்பனிட்டபின், 2015இல், ஏறத்தாழ நாற்பது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு அதை மறுபடி எரித்தார்கள். வட்டாரக் குயவர்கள் பலர் தத்தம் கலங்களைக் கொண்டுவந்து அடுக்கி, முறைவைத்து விறகிட்டார்கள். தனியாருடையதாக இருந்த சூளை, அப்படிப் பொதுவானது.

முன்பும் இப்போதும் பொதுவாகவே இருப்பது ஓந்தா. கியூஷுவில் ஹிதா நகரை அடுத்த மலைப்பள்ளத்தில் பத்து வீடு அளவுள்ள குயவர் ஊர். 1705இல், மலைக்கு அப்புறமுள்ள கொய்ஷிவாராவிலிருந்து வந்த ஒரு குயவரால் தொடங்கியது. மண்ணை ஊரார் சேர்ந்து தோண்டிச் சமமாகப் பங்கிடுகிறார்கள். ஓடைநீர் அதை இடிக்கிறது. மரத்துண்டைக் குடைந்த தொட்டியில் நீர் நிறைய, ஏற்றத்தின் துலாவைப் போல ஒருபக்கம் தாழ்ந்து நீரைக் கொட்ட, மறுபக்கத்து உலக்கை மண்மேல் விழுகிறது. பல நாள் இப்படி இடித்தால்தான் மண் பதமாகும். மண்ணின் அந்த வேகம் ஊரின் வேகத்தையும் தீர்மானித்துவிடுகிறது. வேண்டும் என்றாலும் யாரும் அதிகம் வனைய முடியாது. சக்கரம் காலால் உதைப்பது. விறகு ஹிதாவின் மர அறுப்பாலைகளில் மிஞ்சும் தேவதாருச் சிராய். எட்டு அறைப் பொதுச்சூளையில் சில வீட்டார் சேர்ந்து இரண்டு நாளுக்கும் மேலாக எரிக்கிறார்கள். மற்றவர்களுக்குச் சொந்தமாகச் சிறு ஏறுசூளைகள் உண்டு. கலத்தின் அடியில் ஊர் முத்திரை இருக்கும், குயவர் பெயர் இருக்காது.

தாய் ஊரான கொய்ஷிவாரா 1950களில் இதைப் போலத்தான் இருந்தது. 1958 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் அதன் கலங்கள் பரிசு பெற்றன. சாலை வந்தது, வாங்குவோர் வந்தார்கள், இயந்திரமும் எரிவாயுவும் வந்தன. விரல்விட்டு எண்ணத்தக்க பட்டறைகள் இருந்த இடத்தில் இன்று ஏறத்தாழ ஐம்பது. பல குடும்பங்கள் அங்கே நன்றாக வாழ்கின்றன. அரசின் மரியாதை இரண்டு ஊர்களுக்கும் வந்தது, வந்த விதம்தான் வேறு. ஓந்தாவுக்கு 1995இல் வந்தது ஊர் அமைப்பின் பெயரில். கொய்ஷிவாராவுக்கு 2017இல் வந்தது ஃபுகுஷிமா ஸென்ஸோ என்ற ஒரு கலைஞரின் பெயரில்.

அதே 2017 ஜூலையில் பெருமழை இரண்டு ஊர்களையும் அடித்தது. ஓந்தாவின் ஓடையோர இடிகலங்கள் பல சிதைந்தன. மறுபடி மரம் குடைந்து அமைத்தார்கள்.

ஓந்தாவைப் போல எல்லா ஊரும் இருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே வீட்டுக்கு ஒரு பிள்ளைக்குத்தான் தொழில், வெளியாருக்கு இடமில்லை. கோஜோசாகாவின் நெருப்பை மீண்டும் மூட்டச் சொல்வதும் நியாயமில்லை. ஆனால் எட்டு அறைச் சூளையை எரிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடம் கற்க ஆட்களும் இருக்கிறார்கள். ஜப்பானுக்குப் போகும் வாய்ப்பு அமைந்தவர்கள் அருங்காட்சியகச் சூளையைப் பார்த்ததோடு திரும்பிவிட வேண்டாம். எரியும் சூளை உள்ள ஊர் ஒன்றுக்கும் போய், அங்கே ஒரு கிண்ணமாவது வாங்குங்கள். விலை கூடுதலாகத் தோன்றலாம். அதில் விறகின் விலையும் சேர்ந்திருக்கிறது.